கடைசிக் கேள்வி கேட்காத செவ்வாய்கள்

டொக்டர் நாகேஸ்வரியின் ஆய்வுகூடத்தில் வேலை நேரத்தில் தூங்கி விழுந்தால் மன்னிப்பு உண்டு. கண்ணாடித் தட்டை உடைத்தால் மன்னிப்பு உண்டு. ஒருமுறை ஐறீன் மூன்று நாள் வளர்த்த கலங்களை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டாள். அதுகூட "சரி, திரும்பச் செய்வம்" என்பதோடு போயிற்று. மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்றுதான் இருந்தது. கடைசிக் கேள்வி கேட்காமல் எந்தத் தட்டையும் கழுவக்கூடாது.

அது என்ன கேள்வி என்று சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல வழியில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை ஒன்றும் வைக்கமாட்டேன்.

வலியை முதலில் அறிகிற நரம்புக் கலங்கள், செல் என்கிறார்களே அவைதான், முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் சிறு முடிச்சுகளாக இருக்கின்றன. வெள்ளை எலியில் ஒரு முடிச்சு கடுகளவு. ஐறீன் அவற்றைக் கிள்ளி எடுத்து, நொதியத்தில் ஊறவைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி உறிஞ்சி விட்டுத் தனித்தனிக் கலங்களாகப் பிரிப்பாள். வட்டக் கண்ணாடித் தட்டுகளில் ஒட்டவிட்டு, மறுநாள் ஒரு சாயத்தை ஊட்டி, மைக்கிரஸ்கோப்பின் கீழ் வைப்பாள். கணினித் திரையில் ஒவ்வொரு கலமும் ஒரு நீலப் பொட்டு. அதன்மேல் கப்சைசின் கரைத்த நீரை ஓடவிடுவாள். கப்சைசின் வேறொன்றுமில்லை, மிளகாயின் உறைப்புத்தான். வலிக் கலத்துக்கு உறைப்பும் நெருப்பும் ஒன்று. உள்ளே கல்சியம் பாயும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சிவந்துவிடும். வாயில்லாத அந்தப் பொட்டு கத்துவது அப்படித்தான்.

இப்போது முதலில் ஒரு மருந்தை விட்டு, பிறகு கப்சைசினை விடுகிறோம். கலம் சிவக்கவில்லை, நீலமாகவே கிடக்கிறது. மருந்து வலியை அடக்கிவிட்டது என்று துள்ளலாமா? கூடாது. கலம் மரத்துப்போயும் இருக்கலாம், செத்துப்போயும் இருக்கலாம். திரையில் இரண்டுக்கும் ஒரே நீலம். ஆகவே மருந்து போகப் பத்து நிமிடம் வெறும் கரைசலை ஓடவிட்டுக் கழுவி, கடைசியாகச் செறிந்த பொட்டாசியக் கரைசலை விடவேண்டும். உயிருள்ள நரம்புக் கலம் எதுவும் அதற்குச் சிவக்காமல் இருக்க முடியாது. சிவந்தால் ஆள் இருக்கிறார். சிவக்காவிட்டால் அந்தக் கலத்தை எண்ணிக்கையிலிருந்து வெட்டிவிடவேண்டும். அவ்வளவுதான் கடைசிக் கேள்வி. கேட்டு முடிந்ததும் கொப்பியில் கடைசி நிரலில் ஒரு சரி போடவேண்டும்.

நாகேஸ்வரி யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெளிநாட்டில் முப்பது வருடம் எலிகளோடு சீவித்து, போர் முடிந்த மூன்றாம் வருடம் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தவர். கடற்கரையோரம் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் ஆய்வுகூடத்தைத் திறந்தார். சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. காலையில் வந்ததும் முதல் வேலை யன்னல்களைச் சாத்துவது, உப்புக் காற்று மைக்கிரஸ்கோப்பைத் தின்றுவிடும் என்று. கடலுக்கு முன்னால் குடியிருந்து கடலைப் பார்க்காத மனுசி அவர் ஒருவர்தான்.

ஐறீன் அவரிடம் மூன்று வருடமாக வேலை செய்தாள். கொட்டாஞ்சேனைக்காரி, நாற்பத்தொரு வயது, கை நடுங்காது, வாய் திறக்காது. ஆய்வுகூட வேலைக்கு இந்த இரண்டும் பெரிய யோக்கியதை. அந்தக் கை நடுங்காததற்கும் வாய் திறக்காததற்கும் வீட்டில் ஒரு காரணம் இருந்தது.

அவளுடைய புருஷன் சிறில் துறைமுகத்தில் வேலை செய்தவன். இரண்டு வருடத்துக்கு முன் கப்பல் கம்பிக் கயிறு ஒன்று அவனுடைய இடது கையை உருளையோடு சேர்த்துச் சுற்றி இழுத்துவிட்டது. விரல்கள் தப்பின, தோல் ஆறியது, எலும்பு பொருந்தியது. வலி மட்டும் போகவில்லை. காயம் ஆறிப்போனதை அந்த நரம்புகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை போல, அவை ஒவ்வொரு நாளும் அந்தக் கயிற்றையே நினைத்துக்கொண்டு கத்தின. கையில் சட்டை பட்டால் வலி. போர்வை பட்டால் வலி. மின்விசிறிக் காற்றுப் பட்டாலே பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோடு திரும்பிவிடுவான். கொழும்பு வெக்கையில் விசிறி போடாத வீடு அந்த ஒழுங்கையிலேயே அது ஒன்றுதான்.

முதல் ஆறு மாதம் ஐறீன் அவனோடு சேர்ந்து அழுதாள். பிறகு அவன் முனகினால் எழுந்து தண்ணீர் கொடுத்தாள். பிறகு எழும்பாமலே கிடந்தாள். கல்நெஞ்சம் என்று சொல்லிவிடாதீர்கள். தினமும் கேட்கிற சத்தம் காதில் விழாமல் போகும், ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். போன வருடம் சொந்த அண்ணன் நோபேட் செத்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாளே தவிர, அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

சிறிலின் அக்கா யோசெப்பின் நாலு வீடு தள்ளி இருந்தாள். வைத்தியர்கள் கைவிட்ட பிறகு அவள்தான் நேர்த்தி சொன்னாள்.

"பதின்மூண்டு செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போ. விடாமப் போகவேணும். பின்னேரப் பூசை துடங்க முன்னம் நீ கோயிலுக்குள்ள நிக்கவேணும், விளங்குதா? பிந்தினா அது கணக்கில்ல, திரும்ப முதல்ல இருந்து துடங்கோணும்."

"நீங்க போங்கவன் மச்சாள், உங்கட தம்பிதானே."

"பெண்சாதி போனாத்தான் அந்தோனியார் கேப்பார்."

அந்தோனியார் அப்படிச் சொன்னதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் யோசெப்பின் சொன்னால் சொன்னதுதான்.

அதே மாதந்தான் ஆய்வுகூடத்துக்கு மருதானையிலிருந்து சாறு வந்தது. அங்கே மூலிகைக் கடை வைத்திருந்த பலீல் நானாவின் தகப்பனார் காலத்திலிருந்தே மூட்டு வலிக்குக் கொடுத்துவந்த ஒரு வேர்ப்பட்டைச் சாறு. நாகேஸ்வரி அதை வடித்துச் செறிவாக்கித் தரச் சொல்லி ஒழுங்கு செய்தார். ஞாயிறும் திங்களும் ஊறவைத்து, செவ்வாய் காலையில் ஒரு போத்தல் அனுப்புவார் நானா. இரண்டு நாளைக்கு மேல் பழசானதை நாகேஸ்வரி தட்டில் விடமாட்டார். ஆகவே மற்ற நாட்களில் சாறில்லாத தட்டுகள், செவ்வாயில் மட்டும் சாறு விட்ட தட்டுகள்.

முதல் செவ்வாய் சாற்றைத் தண்ணீர் விட்டு நன்றாக ஐதாக்கிப் போட்டார்கள். ஐறீன் ஒழுங்காகக் கழுவி, பொட்டாசியம் விட்டு, எல்லாப் பொட்டும் சிவப்பதைப் பார்த்து, சரி போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினாள். கோட்டையில் இறங்கி, புறக்கோட்டை நெரிசலுக்குள்ளால் நடந்து கொச்சிக்கடைக்குப் போய்ச் சேரும்போது பூசை பாதி முடிந்துவிட்டது. கோயில் வாசலில் யோசெப்பின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் செவ்வாய் கணக்கில்லை என்று தீர்ப்பாயிற்று.

அடுத்த செவ்வாய் சாறு பத்து மடங்கு செறிவு. கப்சைசினை விட்டபோது திரையில் அநேகமாக ஒரு பொட்டுக்கூடச் சிவக்கவில்லை. ஐறீன் மணிக்கூட்டைப் பார்த்தாள். கழுவப் பத்து நிமிடம், பொட்டாசியத்துக்கு ஐந்து, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தட்டு. மூன்று வருடத்தில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத தட்டை அவள் கண்டதே இல்லை. எல்லாம் உயிரோடு இருக்கும், எப்போதும் இருந்ததுதானே. அவள் பொட்டாசியம் விடாமலே தட்டுகளைக் கழுவி ஊற்றினாள். கடைசி நிரலில் சரி போட்டாள். போடும்போது கை நடுங்கவில்லை.

வாசல் காவலாளி சிரித்தான். "அங்கஹருவாதா நே, மிஸ்?" செவ்வாய்க்கிழமை அல்லவா, ஓடத்தானே வேண்டும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்குப் பூசைக்குக் கால் மணித்தியாலம் முந்தியே கோயிலுக்குள் நின்றாள். அடுத்த செவ்வாயும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. இரண்டாவது பொய்யிலிருந்து அது பொய் மாதிரித் தெரியவில்லை, செவ்வாய்க்கிழமை வேலையில் ஒரு பகுதியாகப் போய்விட்டது. நீலம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று ஒருநாள் தோன்றியது. விளக்குப் பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாகேஸ்வரி தரையில் நிற்கவில்லை. முப்பது வருடமாகத் தேடிய பொருள் மருதானையில் ஒரு போத்தலுக்குள் இருந்திருக்கிறது! பத்தில் ஒன்பது கலத்தை மரக்கவைக்கிற சாறு! கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

"ஐறீன், அவசரப்படக் கூடாது. மனுசருக்குப் போக இன்னும் பத்து வருசம் கிடக்கு. ஆனா உங்கட சிறில் மாதிரி ஆக்களை நினைச்சுப் பாருங்கோ."

ஐறீன் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததுதான் பிழை. பத்து வருடம் என்றது அவள் காதில் விழுந்தது, சிறில் என்றது அதைவிடப் பலமாக விழுந்தது. ஏழாவது செவ்வாய் மிஞ்சிய சாற்றை ஒரு சின்னப் போத்தலில் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சிறிலிடம் அதை நேரே கொடுக்க முடியாது. முன்பொருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டதற்கே அவன் கத்தியிருந்தான். "எலிக்குப் போடுறதை எனக்குப் போடாத! மனுசன் எண்டு நினைச்சியா, எலி எண்டு நினைச்சியா?" ஆகவே கோயிலிலிருந்து கொண்டுவந்த ஆசீர்வதித்த எண்ணெய்ப் போத்தலுக்குள் சாற்றை ஊற்றிக் குலுக்கினாள். அந்தோனியாரிடம் அனுமதி கேட்கவில்லை. பஞ்சில் நனைத்து, அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை தடவினாள். காலையிலும் மாலையிலும் தடவினாள்.

ஐந்தாம் நாள் சிறில் எழுந்து போய் விசிறியைப் போட்டான்.

ஒழுங்கை முழுக்க அந்த விசிறியைப் பார்க்க வந்தது என்றால் நம்பமாட்டீர்கள். சிறில் கதிரையைக் கொண்டுபோய் அதற்கு நேரே கீழே போட்டு, இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அரசன் மாதிரி இருந்தான். அன்றைக்கே சவரம் செய்யப் போனான். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கினான். இரண்டு வருடத்துக்குப் பிறகு இரண்டு கையாலும் சோறு பிசைந்து சாப்பிட்டான், அது அசிங்கம் என்று யோசெப்பின்கூட ஏசவில்லை.

"புதுமை! புதுமை!" என்று அற்புதம் கண்டவளாய் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். "நான் சொன்னனானா இல்லையா? அந்தோனியார் எண்ணெய்!"

சந்தோசமாய் இருக்க வேண்டிய நேரம் இது என்று ஐறீனுக்குத் தெரிந்தது. சந்தோசம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வராததையும் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த செவ்வாயும் ஒரு போத்தல் கொண்டுவந்தாள்.

பதின்மூன்றாவது செவ்வாய் அவள் லீவு எடுத்தாள். நன்றி சொல்ல சிறிலும் வருவதாகச் சொன்னான். மூன்று பேரும் நடந்தே போனார்கள். கோயில் வாசலில் யோசெப்பின் பதின்மூன்று செவ்வாய்க்கும் பதின்மூன்று மெல்லிய மெழுகுதிரி வாங்கி, எல்லாவற்றையும் ஒரு நூலால் சுற்றி ஒரே கட்டாக்கிச் சிறிலிடம் கொடுத்தாள். "நேர்த்திக் கையால பிடி" என்றாள். அவன் இடது கையால் பிடித்தான்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தமிழர், சிங்களவர், பொட்டு வைத்தவர், முக்காடு போட்டவர், எல்லாரும் ஒரே வரிசை, வரிசை நத்தை மாதிரி ஊரும். வாசலிலேயே கொளுத்திக்கொண்டதுதான் பிழை. பதின்மூன்று திரியும் சேர்ந்து ஒரே சுவாலையாக எரிந்து, மெழுகு உருகி வழிந்து சிறிலின் விரல்மேல் ஓடியது. அவன் அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டு நின்றான். கட்டு வளைந்தது. சுவாலை சரிந்து அவனுடைய கட்டைவிரலில் படிந்தது. அவன் செபத்தை நிறுத்தவில்லை.

முன்னால் நின்ற சிங்களப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "அய்யே! அத்த பிச்செனவா!" கை எரிகிறது என்று அவள் கத்திய பிறகுதான் சிறில் குனிந்து பார்த்தான். ஐறீன் கட்டைத் தட்டிவிட்டாள். தோல் கருகிய மணம் வந்தது. கட்டைவிரலிலும் அதற்கடுத்த விரலிலும் தோல் வெள்ளையாக ஊதிக்கொண்டு வந்தது.

சிறில் சிரித்தான். "இங்க பாருங்க, நோகேல்ல! ஒண்டும் நோகேல்ல!" கையை உயர்த்திக் காட்டினான். யோசெப்பின் முழங்காலில் விழுந்தாள். நெருப்பும் சுடாத கை என்று பக்கத்தில் நின்றவர்கள் வந்து அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவர் அழுதார். அந்தக் கூட்டத்துக்குள் ஐறீன் ஒருத்திக்குத்தான் விசயம் தெரிந்தது. சுவாலையில் வைத்தும் சிவக்காத நீலத்தை அவள் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு செவ்வாய் பார்த்திருக்கிறாள். ஆள் இருக்கிறாரா என்று கேட்காமலே கழுவி ஊற்றியிருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் டொக்டருக்கு முன்னமே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டாள். முதல்நாள் வந்த சாறு பிரிஜ்ஜில் திறக்காமல் இருந்தது. திங்கள் ஒட்டவிட்ட தட்டுகளும் இருந்தன. ஒரு தட்டுக்குச் சாறில்லாமல் கப்சைசின் விட்டு, கழுவி, பொட்டாசியம் விட்டாள். எல்லாப் பொட்டும் சிவந்தது. அடுத்த தட்டுக்குச் சாறு விட்டாள். கப்சைசின் விட்டாள். நீலம். பத்து நிமிடம் கழுவினாள், ஒரு விநாடிகூடக் குறைக்கவில்லை. பொட்டாசியத்தைத் திறந்தாள்.

ஐந்து நிமிடம் போயிற்று. பதினைந்து நிமிடம் போயிற்று. ஒன்றும் சிவக்கவில்லை. நீலம் அப்படியே மங்கி மங்கிப் போய்க்கொண்டிருந்தது. விளக்கில் ஒரு பிழையும் இல்லை.

நாகேஸ்வரி வந்து யன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. "என்ன ஐறீன், வெள்ளனவே வந்திட்டீங்கள்?"

"டொக்டர், நான் கடைசிக் கேள்வி கேக்கேல்ல."

"இப்ப கேளுங்கோவன்."

"இண்டைக்கு இல்ல. பன்னிரண்டு செவ்வாய்."

நாகேஸ்வரி திரையைப் பார்த்தார். அதைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தார்.

"கொப்பியில சரி போட்டிருக்கு."

"நான்தான் போட்டனான்."

"ஏன்?"

"கோயிலுக்குப் போக... பூசைக்குப் பிந்திடும் எண்டு."

நாகேஸ்வரி கொப்பியை எடுத்து ஒவ்வொரு செவ்வாயாகப் புரட்டினார். பேசியபோது குரல் உயரவில்லை. "என்னட்டச் சொல்லியிருந்தா நான் நிண்டு கேட்டிருப்பனே, ஐறீன். பதினைஞ்சு நிமிசம். எனக்கென்ன, வீட்டில பிள்ளையா அழுகுது?"

அது ஐறீனுக்குத் தோன்றவே இல்லை. வாய் திறந்து ஒரு உதவி கேட்கலாம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. எண்ணெய்ப் போத்தல் கதையையும் அப்போதே சொல்லிவிட்டாள். அதற்குத்தான் நாகேஸ்வரி எழும்பினார்.

"மனுசனுக்கா? ஐறீன், மனுசனுக்கா போட்டனீங்கள்?" சத்தம் அடுத்த மாடிக்கே கேட்டிருக்கும். அவர் கட்டுரையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஏசி முடித்து, மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு பிறகு சொன்னார். "கையில இருக்கிறது நரம்பின்ர நுனிதான். வேர் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில. அது தப்பியிருந்தா நுனி திரும்ப வளரும். மெல்ல மெல்ல, மாசக்கணக்கில. உடனை நிப்பாட்டுங்கோ. டொக்டர்மாருக்கு நான் கடிதம் தாறன், கையைக் காட்டுங்கோ."

"வளந்தா?"

"வளந்தா வலியும் வரும். பழைய வலியே வரலாம்."

"வளராட்டி?"

நாகேஸ்வரி கொப்பியை அவள் பக்கம் தள்ளினார். சிவப்புப் பேனையை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு செவ்வாயின் ஒவ்வொரு சரியையும் வெட்டி, பக்கத்தில் 'கேட்கவில்லை' என்று ஐறீன் தன் கையாலேயே எழுதிக் கையொப்பம் வைத்தாள். இதற்குள் எழுதி அனுப்பிவிட்டிருந்த கட்டுரையை அன்றைக்கே திருப்பிக் கேட்டார் நாகேஸ்வரி. மாத முடிவோடு வேலை இல்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. ஐறீன் தலையாட்டினாள். கடைசியில் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்துவிட்டார். உள்ளே தண்டுகளில் ஒட்டிய நைலோன் நூல்கள், மயிரளவிலிருந்து தரை கூட்டுகிற தும்புத்தடியின் தும்பளவு வரை. கண்ணை மூடச்சொல்லி, நூல் வளையும்வரை தோலில் அழுத்தி, படுகிறதா என்று கேட்கவேண்டும். கிழமைக்கு ஒருதரம்.

சிறில் கட்டுப் போட்ட கையோடு விசிறிக்குக் கீழே இருந்தான். ஐறீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப அந்தோனியார் இல்லையா?"

"இல்ல."

"எலி மருந்தா?"

"ஓம்."

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏசுவான், அடிக்கவும் செய்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்டது வேறு.

"மிச்சம் இருக்கா?"

"ஊத்திட்டன்."

"ஏன் ஊத்தினாய்?" அவன் குரல் உடைந்தது. "ரெண்டு வருசம் நீ பக்கத்தில படுத்துக் கிடந்தாய், ஐறீன். கேட்டுக்கொண்டுதானே கிடந்தாய். இது செத்தா செத்திட்டுப் போகட்டும். எனக்குத் திரும்ப நோகவேணும் எண்டா நீ நினைக்கிறாய்?"

"ஓம்," என்றாள் ஐறீன்.

கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். அவன் சொன்னது சரிதான்.

யோசெப்பினுக்கும் சொன்னாள். அவள் நன்றிப் பூசைக்குச் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாக வந்து, வாசலில் நின்றபடி, "எண்ணெயில பிழை இல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றாள் ஐறீன். அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

செவ்வாய் பின்னேரங்களில் இப்போது ஐறீன் வீட்டில் இருந்தாள். சிறிலை யன்னலோரம் இருத்தி, கண்ணை மூடச்சொல்லி, நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் மயிரளவு. பிறகு அதற்கு அடுத்தது. ஒவ்வொரு விரலிலும், உள்ளங்கையில் மூன்று இடத்தில், புறங்கையில் ஐந்து இடத்தில். ஒரு இடத்தையும் விடவில்லை, ஒருநாளும் அவசரப்படவில்லை. வந்த பதிலை ஒரு கொப்பியில் எழுதினாள். படவில்லை. படவில்லை. படவில்லை. சுட்ட புண் ஆறியது. கோபத்தோடு இருந்த சிறில் மெல்ல மெல்லப் பழகிப்போனான். தேத்தண்ணீர்க் கோப்பையை வலது கையால் மட்டும் எடுக்கவேண்டும், இடது கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒருநாள் கதவிடுக்கில் வைத்துவிட்டு இரத்தத்தைக் கண்ட பிறகுதான் அறிந்தான். கையை ஒரு மறதிக்காரப் பிள்ளையைப்போல மடியிலேயே வைத்துக்கொள்ளப் பழகினான்.

பதின்மூன்றாவது செவ்வாயும் வந்தது. எண்ணிக்கொண்டு வந்ததல்ல, கொப்பியில் திகதி எழுதும்போதுதான் கண்டாள். தடித்த தும்புவரை போய் முடிந்தது. படவில்லை.

"முடிஞ்சுதா?" என்றான் சிறில், கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் ஒண்டு இருக்கு. மூடிக்கொண்டு இருங்க."

ஒன்றும் இருக்கவில்லை, நூல்கள் முடிந்துவிட்டன. அவள் பெட்டியை மூடி வைத்துவிட்டுத் தன்னுடைய கையை எடுத்து அவனுடைய இடது கையின்மேல் வைத்தாள். அந்தக் கையை அவள் கடைசியாகப் பிடித்தது அவன் துறைமுகத்துக்குப் போன அந்தக் காலையில். அதற்குப் பிறகு தொட்டால் கத்துவான் என்று தொடவில்லை. பிறகு எண்ணெய் தடவியது பஞ்சால். மெல்ல விரல்களுக்கிடையில் விரல்களைக் கோத்து, இறுக்கிப் பிடித்தாள். கை சூடாகத்தான் இருந்தது. நாடி துடித்தது. எல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

சிறில் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன்போலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, காத்திருந்தான். மேலே விசிறி சுற்றியது.

"என்ன, இன்னும் வைக்கேல்லையா?" என்றான்.

ஐறீன் பிடியை விடவில்லை. நோபேட் அண்ணனுக்கு வராதது, இரண்டு வருடமாக ஒன்றுக்கும் வராதது, அவளைக் கேட்காமல் வந்து அவன் கையின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவன் அதையும் அறியவில்லை. அவளுக்கு நொந்தது.

"வை ஐறீன்," என்றான் அவன், பொறுமையாக. "நான் பாக்கமாட்டன்."